எழிலி ஸ்வீட்ஸ்

கடைக்கு என் பெயர் வைத்தபோது
எனக்கு வயது எட்டு நாள்.
ரூவி ஹை ஸ்ட்ரீட்டில் போர்டு எழுதிய எகிப்துக்காரர்
அரபியில் ழகரம் கிடையாதென்று
லகரம் போட்டுவிட்டார்: எலிலி.
பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள்
பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள்.
எலி. எலி மிட்டாய்க் கடை.
எழிலி என்றால் மேகம் என்று சொல்லிப் பார்த்தேன்.
மஸ்கட்டில் அது எடுபடவில்லை.

சர்க்கரை மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம்.
ரியாலுக்கு ஆயிரம் பைசா, கிலோவுக்கு ஆயிரம் கிராம்,
தசமம் எனக்குத் தராசிலேயே வந்துவிட்டது.
சீருடையில் நெய் வாசம்; எந்த சோப்புக்கும் மசியாது.
இனிப்பு எனக்குப் பிடிக்காது.
அதை வாடிக்கையாளர் காதில் போடாதே என்பது
அப்பா எனக்குப் போட்ட ஒரே சட்டம்.

மாதத்தின் முதல் வெள்ளி
ஒரு கிலோ முந்திரி அல்வா கட்டுவார்.
கெட்டி அட்டைப் பெட்டி, தங்கநிறக் கயிறு,
பெட்டிக்கு அடியில் வெள்ளை உறை.
அல் குவைர் வீட்டு வாசலில் கஃபீல் நாசர்
இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.
உறை பெட்டியோடு ஒட்டியே உள்ளே போகும்,
மூன்று பேரும் அதைப் பார்க்காத மாதிரி.
திரும்பி வரும்போது காரில்
ஏசியைக் கூட்டிவிட்டு அப்பா சொல்வார்:
"அடுப்பு நம்மோடது. லைசென்ஸ் அவரோடது."

இப்போது அப்பா மாடியில்.
முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு படி இறங்குவதில்லை,
கேமராவில் கடை பார்க்கிறார்.
"ரெண்டாவது தட்டை மூடு, ஈ உக்காந்திருக்கு."
ஈ இல்லைப்பா, லென்ஸில் தூசி.
"அப்ப லென்ஸைத் தொடை."

ஜாங்கிரி பிழிவது தேக் பகதூர், போக்ராக்காரன்.
தூத்துக்குடி மக்ரூன் ஆகஸ்டில் நிற்காது,
கதவு திறந்தாலே வேர்த்துச் சரியும்.
ஆகஸ்டில் மக்ரூன் போடுவதில்லை.
அவ்வளவுதான், அதில் சோகம் ஒன்றுமில்லை.
மாதக் கடைசியில் நூறு கிராம் மிக்சர் கேட்பவர்
சம்பளத்தன்று இரண்டு கிலோ லட்டு கேட்பார்.
ஊருக்குப் போகிறவர்கள் முந்தின இரவு வந்து
பெட்டி வேண்டாம், கவரில் போடுங்கள் என்பார்கள்.
அட்டை எடையில் கால் கிலோ மிச்சம்;
முப்பது கிலோவுக்குள்
ஒரு குழந்தைக்கு ஷூ வைக்கலாம்.

மார்ச்சில் நாசர் இறந்தார்.
துக்க வீட்டுக்கு அல்வாவா, கூடாதா என்று
அப்பாவும் நானும் இரவெல்லாம் வாதாடி
கடைசியில் நான் பேரீச்சம்பழம் கொண்டுபோனேன்.

ஜூனில் மகன் வந்தான், ஹமூத்.
என் வயதுதான். வெள்ளை திஷ்டாஷா, வங்கி வேலை,
சினிமா பார்த்துக் கற்ற இந்தி.
லைசென்ஸ் அவன் பெயருக்கு, நிர்வாகம் என் பெயருக்கு,
கட்டணம் இனி வங்கி வழியாக, தேதி போட்டு.
கல்லாவுக்கு இந்தப் பக்கம் ஒரு வாரிசு,
அந்தப் பக்கம் ஒரு வாரிசு.

பேனாவை மூடியபின்
கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்த்தான்.
"வெள்ளிக்கிழமை அல்வா!" என்றான்.
"நாங்கள் ஆறு பிள்ளைகள். கயிற்றை அறுக்க அடிதடி.
உங்கள் அப்பாவுக்கு எங்கள் மேல்
ஏன் இவ்வளவு பிரியம் என்று பேசிக்கொள்வோம்."

உறை, என்று வாய் வரை வந்தது.
எனக்கு இனிப்புப் பிடிக்காது என்பதும்
முப்பது வருடமாக அங்கேதான் இருக்கிறது.
"ஒரு கிலோ போடவா?" என்றேன்.

எவ்வளவு என்று கேட்டான்.
அந்த வீட்டிலிருந்து யாரும் கேட்டதில்லை அதை.
"ஆறு ரியால் ஐந்நூறு."
ஏழு நோட்டு வைத்தான்.
ஐந்நூறு பைசா மீதி கொடுத்தேன்,
எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டான்.

கதவு மூடும் முன்பே போன்.
"அவன்கிட்டயா காசு வாங்கின?"
அல்வாவுக்குத்தானே அப்பா.
கொஞ்ச நேரம் மாடியில் ஃபேன் ஓடுவது மட்டும் கேட்டது.
"கயிறு கட்டினியா?"

கட்டினேன்.